பக்கத்தில் ஒரு மூலை பழுது, திரை நடுவே பெட்டி: அறிகுறி பார்த்துச் சரி செய்யும் வழி

பெங்களூரு கலாசிபாளையத்தில் லாரி புக்கிங் ஆபீஸ்கள் இருக்கும் தெருக்களில்தான் என் வேலையில் பாதி நடக்கிறது. சேலம், ஈரோடு, மதுரை என்று சரக்கு ஏறும் இடம் அது. கம்ப்யூட்டர், ரவுட்டர், ஸ்டிக்கர் பிரிண்டர், புக்கிங் பக்கம் என எது தகராறு செய்தாலும் எனக்குத்தான் போன் வரும். அதிகமாகக் கேட்கும் புகார் இது: "அண்ணா, மறுபடி பாக்ஸ் வருது."

பாக்ஸ் என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே நோய் அல்ல. பக்கத்தில் வாடகைப் பட்டியல் மட்டும் வராமல் போயிருக்கும், அல்லது பிரிண்டருக்குப் போகும் வழி மட்டும் அடைபட்டிருக்கும். மற்றதெல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை நடுவில் ஒரு பிழைச் செய்திப் பெட்டி வந்து மொத்த வேலையையும் நிறுத்திவிடும். அதனால் பெட்டியை ஒழிப்பதில் இறங்காமல், அது எந்த மூலையிலிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்.

அதற்கு ஒரே நிபந்தனை, ஓகே அழுத்துவதற்கு முன் பெட்டியை மொபைலில் படம் எடுத்துவிட வேண்டும். மூடிய பெட்டியைப் பற்றி "என்னமோ இங்கிலீஷ்ல இருந்துச்சு" என்று மட்டும்தான் நினைவிருக்கும். படத்தில் முதலில் பார்க்க வேண்டியது தலைப்பு வரி. குரோமில் தளத்தின் பெயரைப் போட்டு 'சேஸ்' என்று முடிந்தால், பேசுவது நீங்கள் திறந்திருக்கும் அந்தப் பக்கமேதான். 'ஆன் எம்பெடட் பேஜ் அட்' என்று ஆரம்பித்தால், பக்கத்துக்குள் செருகியிருக்கும் வேறொரு தளத்தின் துண்டு பேசுகிறது. அப்போது புக்கிங் பக்கத்தை எழுதியவரைத் திட்டிப் பயனில்லை. தளத்தின் பெயரே இல்லாமல், கீழே டாஸ்க்பாரில் தனியாக ஒரு ஜன்னலாகத் தெரிந்தால் அது பிரவுசர் எழுப்பியதே அல்ல.

அறிகுறி: பெட்டி வந்ததே தெரியவில்லை, பதிவு மட்டும் குறைகிறது

எனக்கு மிகவும் சிரமம் கொடுத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு ஆபீஸில் புக்கிங்கில் உட்காரும் தம்பி கூப்பிட்டார். "அண்ணா, பத்து பார்சல் ஸ்கேன் பண்ணேன், லிஸ்ட்ல ஏழுதான் இருக்கு. பத்துக்கும் பீப் கேட்டுச்சு." ஸ்கேனரை மாற்றிப் பார்த்தோம், கேபிளையும் மாற்றினோம். மறுநாளும் அதே கதை. கடைசியில் அவர் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பார்சலைத் தூக்குகிறார், ஸ்டிக்கரில் சிவப்பு ஒளியைக் காட்டுகிறார், பீப். அவர் கண் பார்சலில்தான் இருக்கிறது, திரையில் இல்லை. நான் திரையையே பார்த்தேன். நாலாவது பார்சலுக்கு முன்னால் ஒரு பெட்டி எழுந்தது. அடுத்த பீப் வந்ததும் பெட்டி தானாக மறைந்தது. அந்தப் பார்சல் பட்டியலில் ஏறவில்லை.

விஷயம் இதுதான். யூஎஸ்பியில் செருகும் பார்கோடு ஸ்கேனரைக் கம்ப்யூட்டர் ஒரு கீபோர்டாகத்தான் பார்க்கிறது. எண்ணை மளமளவென்று தட்டிவிட்டு, கடைசியில் ஒரு என்டரையும் தட்டும். திரையில் பெட்டி நிற்கும்போது அந்த எண்ணை வாங்க ஆள் இல்லை, அது காற்றோடு போய்விடும். பின்னால் வரும் என்டர் பெட்டியின் ஓகே பொத்தானை அழுத்திவிடும். பெட்டியும் போச்சு, பார்சலும் போச்சு. பீப் சத்தம் ஸ்கேனர் படித்ததற்கு அடையாளம், பக்கம் வாங்கிக்கொண்டதற்கு அல்ல.

உங்கள் இடத்திலும் இப்படித்தான் நடக்கிறதா என்று பார்ப்பது எளிது. பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, ஸ்கேன் எதுவும் செய்யாமல் ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். பெட்டி வந்து நின்றால் பழுது ஸ்கேனரில் இல்லை. பெட்டி எதனால் வருகிறது என்று கீழே பார்க்கலாம். அது சரியாகும் வரை, ஒவ்வொரு பத்துப் பார்சலுக்கும் பட்டியல் எண்ணிக்கையை ஒரு முறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். லாரி கிளம்பிய பிறகு தேடினால், பார்சலுக்கும் எல்.ஆருக்கும் (லாரி ரசீது) கணக்கு உதைத்து இரண்டு ஊர்க்காரர்களும் போனில் சண்டை போடுவார்கள்.

அறிகுறி: 'டேட்டாடேபிள்ஸ் வார்னிங்' என்று ஆரம்பிக்கும் பெட்டி

அந்தத் தம்பியின் திரையில் வந்ததும் இதுதான். டேட்டாடேபிள்ஸ் என்பது வலைப்பக்கத்தில் பட்டியல் காட்டுவதற்குப் பலரும் பயன்படுத்தும் இலவச நிரல் தொகுப்பு. பட்டியலுக்கான விவரம் வராவிட்டால் பெட்டி எழுப்புவது அதன் இயல்பான அமைப்பு. எழுதியவர் மாற்றி வைக்காவிட்டால் அது அப்படியே இருக்கும்.

பெட்டியின் கடைசி வரியில் ஒரு இணைய முகவரி இருக்கும், அதன் முடிவில் ஒரு எண். அந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது.

எண் 7 என்றால் சர்வரிடமிருந்து ஒழுங்கான பதிலே வரவில்லை. ஒன்று வழியில் நெட் அறுந்திருக்கும், இல்லை சர்வர் பிழை என்று திருப்பி அனுப்பியிருக்கும். எண் 1 என்றால் பதில் வந்தது, ஆனால் பட்டியலுக்குப் பதிலாக வேறு ஏதோ வந்திருக்கிறது. எண் 4 என்றால் பட்டியல் வந்திருக்கிறது, அதில் ஒரு கட்டத்துக்கு உரிய விவரம் மட்டும் இல்லை. இந்த நாலை நீங்கள் உட்கார்ந்து சரி செய்ய முடியாது. படத்தை அப்படியே நிரல் எழுதியவருக்கு அனுப்புங்கள்.

எண் 7 வந்தால் நான் முதலில் பார்ப்பது ரவுட்டரின் பிளக் எங்கே இருக்கிறது என்பதை. பல ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் இருக்கும், ரவுட்டர் சாதாரண சுவர் பிளக்கில் இருக்கும். கரண்ட் ஒரு நொடி போய் வந்தால்கூடக் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது, ரவுட்டர் மட்டும் அணைந்து மறுபடி கிளம்ப இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அதற்குள் பக்கம் நிமிடத்துக்கு ஒரு முறை பட்டியலைப் புதுப்பிக்க முயன்று, தோற்கும் ஒவ்வொரு முறையும் பெட்டி எழுப்பும். ரவுட்டரையும், ஃபைபர் இணைப்பு என்றால் அதன் சின்னப் பெட்டியையும் யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். இரண்டும் சேர்ந்து மிகக் குறைந்த மின்சாரம்தான் எடுக்கும், யூபிஎஸ் தாங்கும். நான் பார்த்த 7-ஆம் எண் பெட்டிகளில் கணிசமானவை இந்த ஒரு மாற்றத்தில் நின்றன.

அது உதவவில்லை என்றால் எஃப்12 அழுத்தி, மேலே 'நெட்வொர்க்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பெட்டி மறுபடி வரும்வரை காத்திருங்கள். சிவப்பில் ஒரு வரி தெரியும். அதன் 'ஸ்டேட்டஸ்' கட்டத்தில் 500, 502, 504 என்று இருந்தால் பழுது சர்வர் பக்கம், உங்கள் கம்ப்யூட்டரைக் குடைய வேண்டாம். 401 அல்லது 419 என்றால் லாகின் காலாவதி. எண்ணே இல்லாமல் 'பிளாக்டு' என்று இருந்தால் உங்கள் பிரவுசரிலேயே ஏதோ ஒன்று தடுக்கிறது.

அறிகுறி: சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் பெட்டி

காலையில் வராது. மதியம் சாப்பிட்டு வந்தால் வரும், டீ குடித்துவிட்டு வந்தாலும் வரும். இது பெரும்பாலும் லாகின் காலாவதிதான். ஏஎஸ்பி.நெட்டில் எழுதிய தளம் என்றால் இயல்பாக 20 நிமிடம் சும்மா இருந்தால் லாகின் போய்விடும். பிஎச்பியில் இயல்பான அளவு 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். லாரவெல்லில் 120 நிமிடம். எழுதியவர் இதைக் கூட்டியோ குறைத்தோ வைத்திருக்கலாம். ஆனாலும் நீங்கள் எழுந்து போன நேரத்தையும் பெட்டி வந்த நேரத்தையும் இரண்டு மூன்று நாள் குறித்துப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும்.

லாகின் போனதும் என்ன நடக்கிறது என்றால், பக்கம் வழக்கம்போல "பட்டியலைக் கொடு" என்று கேட்கிறது, சர்வர் பட்டியலுக்குப் பதிலாக லாகின் பக்கத்தையே தூக்கிக் கொடுத்துவிடுகிறது. பட்டியலை எதிர்பார்த்த நிரலுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அதனால்தான் எண் 1. 'அன்எக்ஸ்பெக்டெட் டோக்கன்' என்று ஆரம்பித்து, பக்கத்தில் ஒரு கோண அடைப்புக்குறியைக் காட்டும் பெட்டியும் இதே கதைதான். அந்தக் குறி லாகின் பக்கத்தின் முதல் எழுத்து.

இந்த நேரத்தில் அவசரப்பட்டு ரீலோட் அழுத்தாதீர்கள். பாதி நிரப்பிய எல்.ஆர். போய்விடும். ஓகே கொடுத்துப் பெட்டியை மூடி, தட்டச்சு செய்ததை நோட்பேடில் ஒட்டி வைத்துக்கொண்டு, புது டேபில் அதே தளத்தைத் திறந்து லாகின் செய்யுங்கள். பழைய டேபுக்குத் திரும்பி வந்தால் பல தளங்களில் அப்படியே தொடரலாம். தொடர முடியாவிட்டால் நோட்பேடு இருக்கிறது.

அறிகுறி: ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வருகிறது, பக்கத்து மேசையில் வரவில்லை

குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதில் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த குட்டி நிரல்கள், இயல்பாக ஓடாது. அங்கே பெட்டி வரவில்லை என்றால், விளம்பரத் தடுப்பான் மாதிரி ஏதாவது ஒன்று பக்கத்துக்குத் தேவையான துண்டையும் சேர்த்துத் தடுக்கிறது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அந்தத் தளத்துக்கு மட்டும் அதற்கு விலக்குக் கொடுத்தால் போதும்.

இன்காக்னிட்டோவிலும் வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டின் வட்ட பேட்டரி தீர்ந்திருந்தால், காலையில் ஆன் செய்யும்போது தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுக்கும். சிஆர்2032 என்று கேட்டால், கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

விண்டோஸ் 7 இன்னும் ஓடும் ஆபீஸ்கள் உண்டு. அதில் குரோம் 109-தான் கடைசி. 2023-க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பு கிடையாது. தளத்தை எழுதியவர் புது வசதிகளைச் சேர்க்கச் சேர்க்க, அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் ஒவ்வொரு துண்டாக உடையும். இதற்கு வைத்தியம் பார்ப்பதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், கம்ப்யூட்டரை மாற்றுங்கள்.

அறிகுறி: 'லோடிங் சங்க் ஃபெயில்டு'

இரண்டு மூன்று நாளாக மூடாமல் திறந்தே கிடக்கும் டேபில் வரும். இதற்கிடையில் தளத்தைப் புதுப்பித்திருப்பார்கள். உங்கள் டேப் பழைய கோப்பைத் தேடும், அது சர்வரில் இருக்காது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் அழுத்துங்கள், முடிந்தது.

அறிகுறி: ஸ்டிக்கர் அடிக்கப் போனால் 'பிரிண்டர் சர்வீஸ் இணைக்கப்படவில்லை'

பிரவுசர் நேராக ஸ்டிக்கர் பிரிண்டரோடு பேசாது. உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு குட்டி நிரல் ஓடும், பக்கம் அதோடு 127.0.0.1 என்ற முகவரியில் பேசும். அந்த எண்ணுக்கு 'இதே கம்ப்யூட்டர்' என்றுதான் பொருள், வெளி நெட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆகவே ரவுட்டரை அணைத்துப் போடுவதில் பயன் இல்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் அந்த நிரலின் ஐகான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் ஸ்டார்ட் மெனுவில் தேடி ஓட விடுங்கள்.

ஐகான் இருந்தும் இணையவில்லை என்றால், புதிய குரோம் பதிப்புகளில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வலைப்பக்கம் உங்கள் உள் நெட்வொர்க்கைத் தொட வந்தால் இவை அனுமதி கேட்கின்றன. யாராவது அவசரத்தில் 'பிளாக்' கொடுத்திருந்தால் அதற்குப் பிறகு கேட்காமலே மறுத்துவிடும். முகவரிக்கு இடப்பக்கம் உள்ள ஐகானைச் சொடுக்கி அந்த அனுமதியைத் திறந்துவிடுங்கள்.

அறிகுறி: 'ஸ்கிரிப்ட் எரர்', யெஸ், நோ

லைன், கேர், எரர், கோட், யூஆர்எல் என்று வரிசையாகக் காட்டிவிட்டு, இந்தப் பக்கத்தில் ஸ்கிரிப்டைத் தொடர்ந்து ஓட்டலாமா என்று கேட்கும் பெட்டி. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூன் 15-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. ஆனால் அதன் இன்ஜின் விண்டோஸுக்குள் இன்னும் இருக்கிறது. பழைய பில்லிங் மென்பொருள்கள் தங்கள் முகப்பில் செய்தியோ உதவிப் பக்கமோ காட்ட அதைத்தான் பயன்படுத்துகின்றன. அந்தப் பக்கத்தைப் புதுப் பிரவுசர்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதியிருப்பார்கள், பழைய இன்ஜினுக்குப் புரியாது.

பெட்டியில் உள்ள யூஆர்எல் வரியைப் படம் எடுத்து மென்பொருள்காரருக்கு அனுப்புங்கள். அதுவரை கண்ட்ரோல் பேனலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு. 'டிசேபிள் ஸ்கிரிப்ட் டிபக்கிங்' என்று இரண்டு வரி இருக்கும், இரண்டிலும் டிக் போடுங்கள். ஒவ்வொரு ஸ்கிரிப்ட் பிழைக்கும் அறிவிப்புக் காட்டு என்ற வரியில் டிக்கை எடுங்கள். பல நேரம் பெட்டி நின்றுவிடும். நிற்காவிட்டால் நோ கொடுத்துப் பாருங்கள். பில் போடுவதற்கும் அந்த முகப்புச் செய்திக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது.

அறிகுறி: 'பேஜ் அன்ரெஸ்பான்சிவ்'

வெயிட் கொடுக்கவா, வெளியேறவா என்று குரோம் கேட்கும். நீங்கள் ஏதாவது பதிவு செய்துகொண்டிருந்தால் வெயிட் கொடுங்கள். அப்புறம் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் குரோமின் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும், எந்த டேப் எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்று வரிசையாகத் தெரியும். ஒரு வருடத்து புக்கிங்கை ஒரே பட்டியலாகத் திறந்து வைத்திருப்பார்கள். தேதியைச் சுருக்குங்கள்.

அறிகுறி: போன் நம்பர் போட்ட பெட்டி

'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று திரை முழுக்க வந்து, சில நேரம் சைரன் சத்தமும் போடும். இது பிழைச் செய்தியே அல்ல, மோசடி. உண்மையான பிரவுசர் பிழை எதிலும் போன் நம்பர் இருக்காது. எஸ்கேப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், டேபை மூடுங்கள். மூடவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி பிரவுசரையே முடித்துவிடுங்கள். திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

யாராவது ஏற்கெனவே அந்த எண்ணுக்குப் பேசிப் பணமும் போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-க்கு அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவில் நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

வலது கீழ் மூலையில் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை வேறு. எப்போதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருப்பார்கள். குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய்த் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள்.

பெட்டியை அடக்கி வைக்கலாமா?

ஃபயர்பாக்ஸில் ஒரு பக்கம் அடுத்தடுத்துப் பெட்டி எழுப்பினால், இனி இந்தத் தளத்தைக் கேட்க விடாதே என்று ஒரு டிக் கட்டம் வரும். ஆபீஸில் அதைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். 'இந்த எல்.ஆரை ரத்து செய்யவா?' என்று உண்மையிலேயே கேட்க வேண்டிய பெட்டியும் அதோடு சேர்ந்து அடங்கிவிடும்.

பக்கத்தை எழுதுபவர்களுக்கு

இதைப் படிப்பவர்களில் நிரல் எழுதும் தம்பி தங்கைகளும் இருப்பீர்கள். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. அலர்ட் பெட்டி எழுந்தால் அதை மூடும்வரை பக்கத்தின் மற்ற நிரல் எதுவும் ஓடாது, கீபோர்டும் அதனிடம் போய்விடும். ஒரு பட்டியல் வரவில்லை என்பதற்கு இவ்வளவு பெரிய தண்டனை வேண்டாம். ஒரு காலத்தில் பிரவுசர்களே இப்படித்தான் இருந்தன. சர்வரைத் தொட முடியவில்லை என்றால் ஃபயர்பாக்ஸ் பெட்டி எழுப்பும். 2005 நவம்பரில் வந்த 1.5 பதிப்பில் அதை மாற்றி, பக்கம் வர வேண்டிய இடத்திலேயே பிழையை எழுதிக் காட்டத் தொடங்கினார்கள். உங்கள் பக்கத்தின் துண்டுகளுக்கும் அதையே செய்யுங்கள்.

டேட்டாடேபிள்ஸில் 'எர்மோட்' என்ற அமைப்பை 'நன்' என்று வைத்து, பிழை நிகழ்வைப் பிடித்து, பட்டியலின் தலையிலேயே ஒரு வரி காட்டலாம். 'ஃபெட்ச்' வைத்து எழுதுகிறீர்கள் என்றால், சர்வர் 404 கொடுத்தாலும் 500 கொடுத்தாலும் அது தோல்வி என்று சொல்லாது. பதிலின் 'ஓகே' மதிப்பை நீங்கள்தான் பார்க்க வேண்டும். நாலைந்து துண்டுகளைச் சேர்த்து வரவழைக்க 'ப்ராமிஸ் ஆல்' போட்டால் ஒன்று தோற்றதும் மொத்தமும் தோற்றதாகக் கணக்கு. 'ஆல் செட்டில்டு' போட்டால் வந்ததைக் காட்டிவிட்டு வராததற்கு மட்டும் செய்தி போடலாம். நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஓடும் நிரலுக்குள் அலர்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் கையில் ஸ்கேனர் இருக்கலாம்.

அந்த புக்கிங் பக்கத்தை எழுதியவரிடம் பேசி, நடந்ததை வீடியோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நாளில் மாற்றிக் கொடுத்தார். இப்போது வாடகைப் பட்டியல் வராவிட்டால் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் பட்டை வருகிறது: 'வாடகை விவரம் வரவில்லை. மீண்டும் முயல்க.' போன வாரம் போனபோது ரவுட்டர் கேபிளை நானே பிடுங்கிப் பார்த்தேன். பட்டை வந்தது. தம்பி அடுத்த ஸ்டிக்கரைக் காட்டினார், எண் கட்டத்தில் விழுந்து, நெட் வந்ததும் அனுப்பப்படும் என்று வரிசையில் நின்றது. கேபிளைத் திருப்பி மாட்டினேன். லிஸ்டில் பத்தும் இருந்தது.